பின்னால் கூப்பிடக் கூடாதவர்

அவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது. அவர் கிளம்பி நாலடி வைத்துவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. இந்த இரண்டையும் தவிர வேறு என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வார். அவர் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த பாலில்லாத பிளேன்ரீ முழுவதையும் நானே குடித்துத் தீர்த்திருக்கிறேன். மலைப்பாதை வளைவுகளில் அவர் காரிலேயே வாந்தி எடுத்திருக்கிறேன். அவர் நாட்டு அரசியலைப் பற்றி அரைகுறையாகப் படித்துவிட்டு அவருக்கே ஒரு மணிநேரம் வகுப்பெடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சிரித்தார். இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் முகம் இறுகிவிடும்.

அவர் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அவர் மனைவியிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு. இன்றுவரை சொல்லவில்லை. அதை மறைத்து வைத்துக்கொண்டு செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது திருட்டுத்தனம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அந்த மாதிரியான அஞ்சலி இல்லை.

மெல்பேர்னிலிருந்து மூன்றரை மணிநேரத் தொலைவில் இருக்கும் பனிமலை ஒன்றில்தான் அவரைச் சந்தித்தேன். அலுவலகத்து வெள்ளைக்காரர்களோடு ஒட்டிக்கொள்ளப் பனியில் சறுக்கும் ஸ்கீ பழகப் போனவன் நான். பயிற்சி வகுப்பெல்லாம் முடித்து, ஓரளவு விழாமல் இறங்கக் கற்றுக்கொண்டபின், அலுவலகத்தில் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் பழக்கத்தோடு மிஞ்சினேன். ஒருநாள் மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும் நாற்காலி லிஃப்ட் பாதிவழியில் மூடுபனிக்குள் நின்றுவிட்டது. கால் அந்தரத்தில் தொங்க, மனைவிக்கு ஃபோன் போட்டு, "ஒண்ணுமே தெரியலடி, சுத்தி வெள்ளையா இருக்கு, எதுக்கு வந்தோம்னு இருக்கு" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக முகமே தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆள் என் பக்கம் திரும்பினார்.

"தமிழோ? ஃபோனைக் கவனமாப் பிடியும். விழுந்தால் ஒக்டோபரில பனி உருகுமட்டும் எடுக்கேலாது."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றித் திருநீறு வியர்வையில் குழைந்து ஹெல்மெட்டின் உள்பஞ்சில் ஒட்டியிருந்தது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அண்ணே என்றேன், அவர் தம்பி என்றார். அன்றிலிருந்து நாலு குளிர்காலம், சனிக்கிழமைகளில் மெல்பேர்ன் ஓரத்தில், கிரான்பர்னில் இருந்த அவர் வீட்டிலிருந்து அவர் காரில்தான் போனேன்.

டாண்டினாங் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. அவர் எப்படி ஸ்கீ பழகினார் என்பதைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். இலங்கையிலிருந்து படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்துவிட்டு வெளியே வந்ததும் கிடைத்த முதல் வேலை அந்த மலையில் ஒரு விடுதியின் குசினியில் பாத்திரம் கழுவுவது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்தால் மாலை வேலை தொடங்கும்வரை ஓய்வு. மற்றவர்கள் தூங்கினார்கள். வேலைக்காரர்களுக்கு லிஃப்ட் இலவசம் என்று தெரிந்ததும் இவர், யாரோ விட்டுவிட்டுப் போன பூட்ஸில் இரண்டு சோடி சாக்ஸைத் திணித்துக்கொண்டு ஏறிவிட்டார். கற்றுக்கொடுக்க ஆளில்லை. மூன்று குளிர்காலம் விழுந்தே கற்றவர். அந்தக் காலத்து ஜாக்கெட்டைத்தான் கடைசிவரை போட்டிருந்தார். முழங்கைக் கிழிசலில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதைகளில் அவர் இறங்கமாட்டார். "அது றோட்டு" என்பார். அவர் இறங்குவது மரங்களுக்குள். மலையின் எல்லைக்குள்ளேதான், இரண்டு பாதைகளுக்கு நடுவே செங்குத்தாகச் சரியும் ஒரு காடு. பனியில் வளரும் யூகலிப்டஸ் மரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து பச்சையும் சிவப்புமாக நிற்கும். மேலே நின்று பார்த்தால் முதல் பத்து மரம் தெரியும். அதற்குக் கீழே தரையே இல்லாததுபோல் இருக்கும். நான் மரத்துக்கு மரம் பிரேக் போட்டு, கிளையில் ஜாக்கெட் மாட்டி, சாமி பெயரெல்லாம் சொல்லி இறங்குவேன். அவர் கூட்டமான கடைத்தெருவில் யார் மேலும் இடிக்காமல் வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி போய்விடுவார்.

"ஏன்ணே இந்தக் காட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"றோட்டில போனால் ஆராவது பக்கத்தில வந்து கேப்பினம். நீ எவடம், எப்ப வந்தனீ, எங்க இருக்கிறாய், எங்க போறாய். மரத்துக்கை ஒருத்தரும் கேக்காயினம்."

கேட்கக் கூடாது என்ற விஷயம் எனக்குத் தெரியவந்த விதம் வேடிக்கையானது. பழகிய புதிதில் ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் ஸ்கீயைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் நடந்தார். "எங்கண்ணே, முதல்ல எந்த லிஃப்ட்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். அவர் நின்றார். திரும்பி வந்து, ஸ்கீயைக் காரில் சாய்த்து, பூட்ஸைத் தளர்த்தி, உள்ளே உட்கார்ந்து ஒரு கோப்பை தண்ணீர் குடித்தார். பத்து நிமிடம் போகவிட்டார். பிறகு மறுபடி புதிதாகக் கிளம்புவதுபோல் கிளம்பினார்.

"வெளிக்கிடேக்கை எங்க எண்டு கேக்கப்படாது, தம்பி. தூரமோ எண்டு கேளும்."

தமிழ்நாட்டில் எங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. நான் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஒரு பனிமலையின் கார் நிறுத்துமிடத்தில் அதைக் கடைப்பிடிக்கும் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த மாதமே இரண்டாவது பாடமும் கிடைத்தது. கையுறையைக் கார்க் கூரையில் வைத்துவிட்டு நடந்தவரை, "அண்ணே! கிளவுஸ்!" என்று கத்திக் கூப்பிட்டேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பு. அவர் திரும்பி வந்து கையுறையை வாங்கிக்கொண்டார். ஆனால் அன்று முழுக்க மலைமேல் கால் வைக்கவில்லை. "நீர் போட்டு வாரும்" என்று என்னை அனுப்பிவிட்டுக் காரில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்தின இரவு முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்திருந்தது. அந்த வருடத்தின் மிகச் சிறந்த நாள் அதுதான் என்று லிஃப்டில் எல்லோரும் சொன்னார்கள். தனியாக மரத்துக்குள் போகப் பயந்து நான் றோட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சலாக வந்தது. வீணாய்ப்போன மூடநம்பிக்கை என்று மனசுக்குள் திட்டினேன்.

அவர் மனைவிதான் எனக்குக் காரணம் சொன்னார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிரான்பர்ன் வீட்டில் அக்கா அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். கணவர் கராஜில் ஸ்கீயின் விளிம்பைத் தீட்டும் சத்தம் குசினிவரை கேட்டது. நான் கையுறைக் கதையைக் கிண்டலாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்தார்.

"இவரின்ர அண்ணை கடைக்கு வெளிக்கிட்டவர், தம்பி. வாசல் படலை தாண்டினாப் பிறகு மாமி, இவையின்ர அம்மா, 'குடையை விட்டிட்டாய்' எண்டு கூப்பிட்டவ. திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனவர். அதுக்குள்ள சந்தியில ஆமி வந்து சுத்தி வளைச்சிட்டுது. அஞ்சு நிமிசம் முந்திப் போயிருந்தால் சந்தியைத் தாண்டியிருப்பார். பிறகு ஆள் வரேல்லை. இவருக்கு அப்ப பதின்மூண்டு வயசு."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. "தூரமோ?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அக்கா வாசலில் அப்படித்தான் கேட்பார். "ஓம், போட்டு வாறன்" என்று இவர் சொல்லிவிட்டு வருவார். நாங்கள் எந்த மலைக்குப் போகிறோம் என்பதுகூட அக்காவுக்குச் சரியாகத் தெரியாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மரங்களுக்குள் ஸ்கீ ஓட்டுவதற்கு உலகம் முழுக்க ஒரே விதிதான். தனியாகப் போகாதே, எந்தப் பக்கம் இறங்குகிறாய் என்று கூட்டாளியிடம் சொல், பார்வையை விட்டு மறைந்தால் கூப்பிடு. காட்டின் வாசலில் பெரிய பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவரால் செய்யவே முடியாத காரியங்கள் இவை. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எப்போதும் நான் முன்னால் போவேன். அவர் பின்னால் வருவார். நான் மறைந்தால் அவர், "தம்பி!" என்பார். நான், "இருக்கேன்!" என்பேன். பாதிவழியில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கும் வெட்டவெளி உண்டு. அங்கே நின்று மூச்சு வாங்கி, பேச வேண்டியதைப் பேசிக்கொண்டு, மீதியை இறங்குவோம். பின்னால் வருபவரை யாரும் பின்னாலிருந்து கூப்பிட முடியாதல்லவா? இந்த ஏற்பாட்டை யோசித்தது நான்தான். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு மலையில் மழை பெய்திருந்தது. வெள்ளிக்கிழமை அதன்மேல் புதுப்பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. காலையில் அவர் கழிவறைக்குப் போயிருந்தார். நான் லிஃப்ட் அடியில் இரண்டு பேர் ஸ்கீயையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்பு ஜாக்கெட் போட்ட பாதுகாப்புக் குழுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். எங்களை அடிக்கடி பார்த்திருக்கிறாள். மரத்துக்குள் போகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இடதுபக்கம் பனிக்கடியில் ஓடும் ஓடை மழையில் வாய் திறந்துவிட்டது, மேலே புதுப்பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, வழியை மறித்துக் கயிறு கட்ட ஆள் போகப்போகிறது, வலதுபக்கமாகவே இறங்குங்கள், உன் நண்பரிடமும் சொல்லிவிடு என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

லிஃப்டில் உட்கார்ந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்கென்று அவர் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசுகிறவர் இல்லை.

"அடுத்த கிழமை மனுசியும் வாறன் எண்டு சொல்லிப்போட்டா. இத்தினை வருசமாக் கேட்டு இப்பதான் ஓம் எண்டவ. பூட்ஸ் வாங்கிப்போட்டு வீட்டுக்குள்ள போட்டுக்கொண்டு நடக்கிறா, தம்பி. குசினியில தடக் தடக் எண்டு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த நேரத்தில் ஓடை, பள்ளம், ஆபத்து என்று வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கிளம்பும் நேரத்தில் அபசகுனமாகப் பேசினாலும் அவருக்கு ஆகாது. வெட்டவெளியில் நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம், இடதுபக்கம் பிரிவது அதற்குக் கீழேதானே என்று கணக்குப் போட்டேன்.

மேலே லிஃப்டை விட்டு இறங்கியதும் என் பூட்ஸ் அடியில் பனி உறைந்து ஸ்கீ மாட்டவில்லை. குனிந்து ஸ்கீக் கோலால் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் கிளம்பியிருந்தார். ஏன் அன்றைக்கு முன்னால் போனார் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷத்தில் மறந்திருக்கலாம். கால்படாத பனி கண்முன்னே கிடந்தது, காத்திருக்க முடியாமல் போயிருக்கலாம். வழக்கமாக நாங்கள் நுழையும் இடத்தில் அவர் நுழையவில்லை. மேலேயே இடதுபக்கம் திரும்பினார்.

இருபது முப்பது அடி தூரம் இருக்கும். காற்று இல்லை. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாயைத் திறந்தேன். "அண்" என்பதுவரை தொண்டைக்கு வந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவருடைய நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்துத்தான் வாயை மூடினேன் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவார், ஸ்கீயைக் கழற்றிவிட்டு நாள் முழுக்கக் காரில் போய் உட்கார்ந்துகொள்வார், புதுப்பனி விழுந்த இன்னொரு நாள் எனக்கு வீணாகிவிடும். அந்த ஒரு கணத்தில் என் புத்தியில் ஓடியது அதுதான். எப்படியும் வளைந்து வெட்டவெளிக்கு வந்துவிடுவார் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வெட்டவெளியில் அவர் இல்லை. விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் பனி கலையாமல் இருந்தது. கூப்பிட்டேன். அப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிட முடிந்தது. "அண்ணே! அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பனி விழுந்த காட்டில் சத்தம் போகாது. இடதுபக்கமாக மரம் மரமாய்ப் பிடித்து நகர்ந்து அவர் தடத்தைக் கண்டுபிடித்தேன். அழகான தடம். இரண்டு கோடுகளும் ஒரு மரத்தைக்கூட உரசாமல் வளைந்து வளைந்து இறங்கி, ஒரு குழியின் விளிம்பில் நின்றுவிட்டன. குழிக்கு வெளியே ஒரு ஸ்கீயின் வால் மட்டும் தெரிந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

கையால் தோண்டினேன். தோண்டத் தோண்டப் பனி உள்ளே சரிந்தது. பாதுகாப்புக் குழுவுக்கு ஃபோன் செய்தேன். அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைகீழாகக் கிடந்தவரை நாலு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள். முகத்தில் காயமே இல்லை. வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றுகொண்டார்கள்.

அதே பெண்தான் என்னிடம் வந்தாள். இடதுபக்கம் போகக் கூடாது என்று அவரிடம் சொன்னாயா என்று கேட்டாள்.

"யெஸ்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாக வந்துவிட்டது. அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிற்பாடு போலீஸ்காரரும் அதையே கேட்டார். அதையே சொன்னேன். ஒருமுறை சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எச்சரித்தும் கேளாமல் போனவர் என்று அவர்கள் காகிதத்தில் அவர் பதிந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரம் அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பகல் பதினொரு மணி. வீட்டில் வேறு யாரும் இல்லை. குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தேநீர் வைத்தார். எதிரே உட்கார்ந்து மேசையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்தார்.

"பொலிஸ் வந்து சொன்னவை, தம்பி. அங்கால போகக் கூடாதெண்டு அவருக்கு முன்னமே தெரியுமாம். அடுத்த கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர், தெரிஞ்சும் போனவரோ? என்னை ஒருக்கா நினைக்கேல்லையோ?"

இதோ சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"லிஃப்ட் சத்தத்துல சரியா காதுல விழுந்திருக்காதுக்கா" என்றேன்.

நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான். உண்மையும் இல்லை, முழுப் பொய்யாக அவரைக் காப்பாற்றவும் இல்லை. அக்கா அதை நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தவர்போல் கேட்டார்.

"அவர் வெளிக்கிடேக்கை நீங்கள் பின்னுக்குக் கூப்பிட்டனீங்களோ?"

"இல்லக்கா" என்றேன். "கூப்பிடல."

அந்த வீட்டில் அன்று நான் சொன்ன ஒரே உண்மை. அக்காவின் தோள் தளர்ந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்த ஒரு மாதத்தில் யாரும் என்னிடம் பேசாத கனிவோடு பேசினார்.

"அது காணும், தம்பி, அது போதும். மாமி மூத்தவரைக் கூப்பிட்டதை நினைச்சு நினைச்சுச் சாகுமட்டும் நித்திரை கொள்ளேல்லை. என்ரை வாயால்தானே போனவன் எண்டு எங்களுக்கு முன்னால தலையில அடிச்சு அழுவா. நீங்கள் கூப்பிடேல்லை. உங்களுக்கு அந்தப் பாரம் இல்லை."

"ஆமாக்கா" என்றேன்.